ஐடல்: பொருளின் பெயரா, தீர்ப்பின் பெயரா? பழவேற்காட்டுக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். மூலவர் திருப்பாலீஸ்வரர், அம்மை லோகாம்பிகை. பாலை மரக் காட்டில் வெளிப்பட்ட இலிங்கம் என்று தலபுராணம் சொல்கிறது. இராசேந்திர சோழன் பெயரோடு அந்தக் கதை வழங்கி வருகிறது. இந்த மூலவரை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டி வந்தால் இன்று பலரும் தயங்காமல் எடுத்தாளும் சொல் 'ஐடல்'. நாளிதழில் அதுதான், நீதிமன்றத் தீர்ப்பில் அதுதான். காவல்துறையில் அதற்கென்று ஒரு பிரிவே அந்தப் பெயரில் இயங்குகிறது. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் ஆங்கிலச் சுருக்கங்களிலும் அது தாராளமாக வருகிறது.

அந்தச் சொல் எந்தப் பொருளுக்கும் பெயராகப் பிறந்ததன்று, பிறருடைய வழிபாட்டின்மீது சொல்லப்பட்ட தீர்ப்பாகவே பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். தீர்ப்புச் சொல்லைப் பொருட்பெயராக வழங்கியதால் தமிழ் காத்து வந்த சில நுட்பமான வேறுபாடுகள் கண்ணுக்கு மறைந்துகொண்டிருக்கின்றன. இதைக் காட்டப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான களம் தமிழ்நாட்டில் அரிது. சிவன் கோயில், பெருமாள் கோயில், குப்பத்து அம்மன்கள், போர்ச்சுகீசியர் தொடங்கிய மாதா கோயில், பள்ளிவாசல், டச்சுக் கல்லறைத் தோட்டம் எல்லாம் ஓர் ஏரிக்கரையில் நெருங்கி நிற்கின்றன. இங்கே ஒருவருடைய சாமி இன்னொருவருக்கு 'ஐடல்' ஆனது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, அக்கம்பக்கத்து வரலாறு.

சொல்லின் பிறப்பு

கிரேக்கத்தில் 'எய்டோஸ்' என்றால் வடிவம், தோற்றம். அதிலிருந்து வந்தது 'எய்டோலோன்'. ஓமரின் காப்பியங்களில் இறந்தவரின் நிழலுருவுக்கு அந்தச் சொல் வழங்குகிறது: பார்க்கலாம், தழுவ முடியாது. நீரில் தெரியும் பிம்பம், கண்ணை ஏய்க்கும் மாயத்தோற்றம் ஆகியவையும் அதன் பொருள்கள். வழிபாட்டுக்கும் அதற்கும் தொடக்கத்தில் நெருங்கிய தொடர்பு இல்லை. கோயிலில் நின்ற கடவுள் உருவங்களுக்குக் கிரேக்கர் 'அகல்மா' போன்ற வேறு சொற்களை வைத்திருந்தார்கள். 'அகல்மா' என்பது கடவுளை மகிழ்விக்கும் அழகிய பொருள் என்னும் கருத்துடையது.

திருப்பம் அலெக்சாந்திரியாவில் நிகழ்ந்தது. கிறித்துவுக்கு முந்தைய மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் யூத அறிஞர்கள் எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். அயலாரின் தெய்வங்களையும் உருவங்களையும் குறிக்க எபிரேயத்தில் பல சொற்கள் இருந்தன. செதுக்கியது என்று பொருள்படும் சொல் ஒன்று. பயனற்றது, ஒன்றுமில்லாதது என்று இகழும் சொல் வேறொன்று. அவற்றுள் பலவற்றை ஒரே 'எய்டோலோன்' என்னும் சொல்லுக்குள் அவர்கள் அடக்கினார்கள். நிழல், வெற்றுத் தோற்றம் என்ற பழைய பொருள் அவர்களுக்குக் கைகொடுத்தது: 'நீங்கள் கும்பிடுவது நிழலை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். அது இலத்தீனில் 'ஐடோலும்' ஆகி, பழைய பிரெஞ்சு வழியாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வழிபாட்டைக் குறிக்கும் 'லாட்ரெயா' அதனோடு சேர்ந்து 'ஐடலாட்ரி' பிறந்தது.

இதற்கு இணையான 'எய்கோன்' என்னும் சொல்லின் விதி வேறு. அதற்கும் உருவம் என்றே பொருள். கிழக்குத் திருச்சபை தன் புனிதர் ஓவியங்களுக்கு அதை வைத்துக்கொண்டது. கி.பி. 787இல் நிக்கேயாவில் கூடிய சங்கம் அந்த உருவங்களுக்கு வணக்கம் செலுத்தலாம், கடவுளுக்கே உரிய வழிபாட்டைச் செலுத்தலாகாது என்று வரையறுத்தது. மரமும் வண்ணமும் ஒன்றுதான். கைகூப்பும் மனிதரும் ஒரே மாதிரிதான். நம்முடையது 'ஐகான்', அவர்களுடையது 'ஐடல்'. இரண்டையும் பிரித்தது கண்ணுக்குத் தெரியும் எந்தப் பண்பும் இல்லை. பேசுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான்.

டச்சுக்காரர்களின் பழவேற்காடு

1515இல் போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் மாதா கோயில் பழவேற்காட்டில் இன்றும் மகிமை மாதா ஆலயமாக விளங்குகிறது. அடுத்த நூற்றாண்டில் வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிற்று. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான்.

வந்தவர்கள் கால்வினியச் சீர்திருத்தச் சபையினர். அவர்களுடைய பாட்டன்மாரின் காலத்தில், 1566இல், நெதர்லாந்தின் ஊர்களில் கத்தோலிக்கக் கோயில்களுக்குள் கூட்டம் புகுந்து புனிதர் உருவங்களை உடைத்து நொறுக்கியது. ஆகவே பழவேற்காட்டு டச்சுக்காரரின் பார்வையில் மாதாவின் உருவமும் பெருமாளின் உருவமும் ஒரே வகையில் சேர்ந்தன. 'அஃப்கொட்' என்பது அவர்களுடைய சொல்; பொய்த்தெய்வம் என்று பொருள். வெறும் உருவத்துக்கு 'பேல்ட்' என்ற சொல் அவர்களிடம் தனியே இருந்தது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலை இப்போதும் பார்க்கலாம்: இரு பக்கமும் மனித எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சாவை நினைவூட்டும் அந்த உருவம் அவர்களுக்கு 'பேல்ட்'. பக்கத்துத் தெருவில் பூச்சூடி நின்ற அம்மன் 'அஃப்கொட்'. இரண்டும் கல், இரண்டும் மனித உடலின் சாயல். உருவம் என்பது மட்டும் குற்றமாக இருந்திருந்தால் எலும்புக்கூடும் அங்கே நின்றிருக்காது.

இந்தக் கோட்டையில் மதகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோகெரியுஸ். 1630களில் வந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் பணியாற்றி 1642இல் பத்தாவியாவுக்குப் போனார். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் போர்ச்சுகீசிய மொழியில் உரையாடி இந்நாட்டுச் சமயத்தைக் கேட்டறிந்தார். 'மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அவர் நூல், அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் இருநூறு வாக்கியங்கள் அதில் டச்சில் இடம்பெற்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியதற்கு அதுவே தொடக்கம்.

ரோகெரியுஸை நான் மதிக்கக் காரணம் உண்டு. அவர் கேட்டார், கேட்டதை எழுதினார். வைணவர் யார், சைவர் யார், அவர்களுக்குள் என்ன வேறுபாடு என்று பிரித்தறிந்தார். இம்மக்கள் ஒரு பரம்பொருளை ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தார். ஆனாலும் அந்தச் சொல் அவரை விடவில்லை. பரம்பொருளை அறிந்தவர்கள் ஏன் உருவத்தைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டு விடை தேடுவதற்கு முன்னாலேயே அஃப்கொட் என்னும் சொல் விடையைச் சொல்லிவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்த டச்சு மதகுரு பால்டேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே கீழை நாட்டாரின் 'அஃப்கொடெரெய்', அதாவது பொய்த்தெய்வ வழிபாடு, என்ற சொல் ஏறிவிட்டது.

பகோடா: கை நழுவிய சொல்

அக்காலத்தில் 'ஐடல்' என்பதற்குப் போட்டியாக வேறொரு சொல்லும் இக்கரையில் உலவியது. போர்ச்சுகீசியரின் 'பகோதே', ஆங்கிலேயரின் 'பகோடா'. இன்று அதைக் கேட்டால் சீனத்து அடுக்குக் கோபுரம் நினைவுக்கு வரும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அதற்கு மூன்று பொருள்கள் இருந்தன: கோயில், கோயிலுக்குள் இருக்கும் தெய்வ உருவம், தங்க நாணயம். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி மூன்றுக்கும் மேற்கோள்களை அடுக்கித் தருகிறது. சொல்லின் மூலம் பற்றி அறிஞர் ஒருமிக்கவில்லை. பாரசீகத்தின் 'புத்கதா' என்பர் சிலர். 'புத்' என்றால் வழிபடும் உருவம், புத்தர் பெயரின் திரிபு. பகவதி என்பர் சிலர். இலங்கையின் தாகபாவைக் காட்டுவோரும் உண்டு. எனக்குப் பகவதியே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் கோயில், உருவம், நாணயம் ஆகிய மூன்று பொருளையும் தெய்வப் பெயர் ஒன்றினால் இணைக்க முடிகிறது.

நாணயத்தைப் பாருங்கள். விசயநகரத்தார் பொன் நாணயத்தைத் தமிழர் வராகன் என்றார்கள். பன்றி அவதாரத்தின் பெயர் நாணயத்துக்கு வந்தது. ஐரோப்பியர் அதைப் பகோடா என்றார்கள். தேவியர் இருவரோடு பெருமாள் நிற்கும் வகைக்கு 'மூன்று சுவாமி பகோடா' என்றே கம்பெனியார் பெயர் வைத்தார்கள். கெல்ட்ரியா கோட்டையில் 1615இல் நாணயச்சாலை அமைந்தது. முதலில் அங்கே அடித்தவை செப்புக் காசுகள். டச்சுக் கம்பெனியின் சோழமண்டல வணிகத்தில் பகோடா பெரிதும் வழங்கியது. பொய்த்தெய்வம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இகழப்பட்டதன் பெயரையும் உருவையும் தாங்கிய பொன், திங்கட்கிழமை துணிமூட்டைகளுக்கு விலையாயிற்று. சென்னைப் பட்டணத்தில் ஒரு பகோடாவுக்கு 42 பணம் என்று கணக்கிட்டார்கள். 1818இல் ரூபாய் அந்த இடத்தைப் பிடித்தது.

பகோடா வெளியூரார் வாயில் பிறந்த தெளிவற்ற சொல்தான். ஆனால் அதற்குள் தீர்ப்பு இல்லை. 'இவர்கள் கும்பிடுவதன் பெயர் இது' என்ற அளவோடு அது நின்றது. உருவம் என்ற பொருளில் அது வழக்கொழிந்தபோது அந்த இடத்தை முழுவதுமாக ஐடல் எடுத்துக்கொண்டது. மதப்பரப்பு நூல்களும் அரசு ஆவணங்களும் வளர்ந்த காலம் அது. இந்த இழப்பை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. எனக்கு இது முக்கியமாகத் தோன்றுகிறது.

தமிழ் என்ன சொல்கிறது

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அதிகாரிகளும் தந்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் கல்லில் இருக்கிறது. ஒவ்வொன்றின் உயரமும் பாதாதிகேசாந்தமாக, முழத்தாலும் விரலாலும் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே கனமா, பொள்ளலா என்பதும் உண்டு. செய்தார்கள் என்னாமல் 'எழுந்தருளுவித்தார்கள்' என்பது கல்வெட்டின் வழக்கு. எண்ணிக்கை வரும் இடம்தான் உற்று நோக்கத்தக்கது: பீடத்துக்கு 'ஒன்று', திருமேனிக்கு 'ஒருவர்'. ஒரே வார்ப்பில் சேர்ந்தவற்றுள்கூடத் தாமரை அஃறிணை, அதன்மேல் நிற்பவர் உயர்திணை. எடை, அளவு, உலோகம் எல்லாவற்றையும் கணக்குப் பிள்ளையின் கறாரோடு எழுதியவர்களே இப்படி எழுதினார்கள். செம்பு என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. இந்தக் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹுல்ஷ் 'இமேஜ்' என்ற சொல்லைக் கையாண்டார்; ஐடல் என்று எழுதவில்லை. அவர் காட்டிய கவனம் பின்வந்த நம்மவர் பலரிடம் இல்லை.

ஆகம வழக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிற்பி கண் திறந்து, குருக்கள் ஆவாகனம் செய்து, குடமுழுக்கு ஆகும்வரை கல் கல்தான். திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து, தெய்வ ஆற்றலைக் கும்பத்துக்கோ அத்திமரப் பலகைக்கோ மாற்றுகிறார்கள். அதன்பின் மூலத்தானத்துக் கல்லுக்குப் பூசை இல்லை. கல்லையே கடவுள் என்று நம்புகிறவர்கள் இப்படியொரு சடங்கை வைத்திருக்க முடியாது. 'ஐடல்' சுமத்தும் குற்றச்சாட்டுக்குப் பாலாலயம் ஒன்றே போதுமான மறுப்பு.

மேலும் எய்டோலோன் என்றால் ஒன்றின் சாயல். இலிங்கம் எதன் சாயல்? சைவ சித்தாந்தம் இறை நிலையை உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுக்கிறது. இலிங்கத்தை அருவுருவத்தில் வைக்கிறது. சாயலே இல்லாத ஒன்றைச் 'சாயல்' என்று அழைப்பது சொற்பொருள் அளவிலேயே தவறு.

குப்பங்களுக்குப் போனால் அந்தச் சொல் முற்றிலும் கையை விரித்துவிடுகிறது. வடதமிழகக் கரையோரத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது நீர்க்கரையில் கரகம் சோடிப்பார்கள். குடத்தில் தண்ணீர், வாயில் வேப்பிலைக் கொத்து, சுற்றிலும் பூச்சரம், உச்சியில் எலுமிச்சம்பழம். அம்மனை அழைத்ததும் அந்தக் குடம்தான் அம்மன். அதைத் தலையில் தாங்கி வருகிறவர்மேல் ஆத்தா இறங்கினால் அவரும் சாமி. விழா முடிந்ததும் கரகத்தை நீரில் விட்டுவிடுகிறார்கள். செதுக்கிய உருவம் எங்கும் இல்லை. அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கவும் ஒன்றுமில்லை. இதில் எது ஐடல்?

ஊர்வலம் வரும்போது 'சாமி வருது' என்றுதான் சொல்வார்கள்; 'சிலை வருது' என்று சொல்லிக் கேட்டவர் இல்லை. சிலை என்பது நாற்சந்தியில் நிற்கும் தலைவருக்கு உரியது. சாமி புறப்பாடு, சாமி ஊர்வலம், சாமி மலையேறியது என்று பேசும் அதே வாய் 'காந்தி சிலைகிட்ட நில்லு' என்கிறது. பேச்சுத்தமிழ் பிசகாமல் காக்கும் இந்த எல்லையைச் செய்தித்தாள் தமிழ் 'சிலைக் கடத்தல்' என்று எழுதித் தாண்டிவிட்டது. 'ஐடல்' என்பதைச் 'சிலை' என்று பெயர்த்துப் பழகியதன் விளைவு இது. சிலா என்னும் வடசொல் கல்லைக் குறிப்பது. வெண்கலத் திருமேனியையும் சிலை என்றே எழுதுகிறோம்.

விக்கிரகம், சுரூபம்

விக்கிரகம் என்பது உடல் என்று பொருள்படும் வடசொல். கோயில் வழக்கில் அது மதிப்புடையது. ஐம்பொன் விக்கிரகம் என்று பக்தர் சொல்லும்போது அதில் இழிவு இல்லை. புரொட்டஸ்டன்ட் விவிலியத் தமிழ் அதை எடுத்துக்கொண்டு, எய்டோலோன் சுமந்த முழுக் கண்டனத்தையும் அதன்மேல் ஏற்றியது. 'விக்கிரகாராதனை' ஒரு பாவத்தின் பெயராயிற்று. கத்தோலிக்கர் தம் மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் அந்தச் சொல்லைத் தொடவில்லை, 'சுரூபம்' என்றார்கள். அதுவும் வடசொல்தான், சொந்த வடிவம் என்று பொருள். தேர்பவனியில் மாதா சுரூபம் வரும். ஐகானும் ஐடலும் கிரேக்கத்தில் பிரிந்த கதை, சுரூபமும் விக்கிரகமுமாகத் தமிழில் மறுபடி நிகழ்ந்தது. ஒரே கரையில் வலை இழுக்கும் இரண்டு வீட்டாரின் வழிபாட்டுக்கு இரண்டு சொல், அந்த இரண்டையும் சேர்த்துக் கண்டிக்க மூன்றாம் வீட்டாரிடம் ஒரு சொல்.

தரங்கம்பாடியில் புரொட்டஸ்டன்ட் மதபோதகர் சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவரிசை நூல் ஐரோப்பாவில் அச்சேறாமல் கிடந்து, 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. தெய்வங்களை அவரவர் பெயரோடு, அவரவர் உறவோடு எழுதிய நூல் ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தது. பழிச்சொல் அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

நீதிமன்றத்தில் ஒரு மறுபிறப்பு

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொல்லின் பிறப்பைப் பார்த்து அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்கக் கூடாது, வழக்கமே பொருளைத் தரும் என்பார்கள். இந்தியச் சட்டத்தில் 'ஐடல்' மதிப்புடைய சொல்லாகிவிட்டதே என்றும் கேட்பார்கள். உண்மைதான். 1925இல் மல்லிக் குடும்ப வழக்கில் பிரிவி கவுன்சில், இந்துக்களின் வழிபாட்டு உருவம் சட்டப்படி ஒரு நபர் என்பதை உறுதி செய்து, அதை எங்கே வைப்பது என்பதில் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றது. நிழல், பொய் என்று பொருள்பட்ட சொல், வழக்காடும் உரிமை பெற்ற ஒருவரின் பெயராயிற்று. கல்வெட்டின் 'ஒருவர்' வேறு வழியில் திரும்பி வந்ததைப் போல எனக்கு இது மகிழ்ச்சி தருகிறது.

பத்தூர் நடராசர் வழக்கு இந்த உரிமையை இலண்டன் வரை கொண்டுபோனது. 1976இல் பத்தூரில் பாழடைந்த கோயிலருகே மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறி, 1982இல் இலண்டனில் ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டவர் அவர். வழக்கில் தமிழ்நாட்டின் பக்கம் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் சொன்னார். அந்தக் கோயிலின் சிவலிங்கமும் வழக்காளிகளுள் ஒருவர். 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோயிலின் உரிமையை ஏற்றது. நடராசர் ஊர் திரும்பினார்.

இருந்தும் மறுப்பை நான் பாதிதான் ஏற்கிறேன். சட்டத்தின் இந்தப் பொருள் நீதிமன்ற வளாகத்தைத் தாண்டி வரவில்லை. அங்கேயும் அந்தச் சொல் சிக்கலைத் தந்துகொண்டே இருக்கிறது. 2019 அயோத்தித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சட்டநபர் தகுதி கல்லுக்கோ உலோகத்துக்கோ இல்லை, அதை நிறுவியவரின் அறநோக்கத்துக்கே என்று விரிவாக விளக்க வேண்டியிருந்தது. திருமேனி என்னும் சொல்லில் உடலும் அதில் உறைபவரும் வேறென்பது முன்பே அடங்கியிருக்கிறது. ஐடலில் அதைப் பக்கம் பக்கமாக எழுதித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அருங்காட்சியகங்கள் ஐடலைக் கைவிட்டு 'சிற்பம்', 'வெண்கலம்' என்று எழுதுகின்றன. அது வேறு வகையான குறை. கோயிலிலிருந்து திருடப்பட்ட சிரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது கலைப்பொருளாகத்தான். ஊர் மக்களின் உற்சவர் என்பது அந்தச் சீட்டில் எழுதப்படவில்லை. 2014இல் அவர் இந்தியா திரும்ப வழிசெய்தவற்றுள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படமும் ஒன்று. இந்த ஊர், இந்தக் கோயில், இந்தப் பெயர் என்று பதிந்திருந்ததால் அடையாளம் காட்ட முடிந்தது. 'ஓர் ஐடல்' என்று மட்டும் எழுதிய பதிவேட்டால் யாரை மீட்க முடியும்?

ஆகவே ஆய்வாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: நீதிமன்றச் சொல்லாக வரும் இடத்தைத் தவிர ஐடலை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் இலிங்கத்தை இலிங்கம் என்றும் கரகத்தைக் கரகம் என்றும் எழுதுங்கள். பூசையில் உள்ளவருக்குத் திருமேனி, பூசைக்கு வராத கல்லுக்கும் உலோகத்துக்கும் சிலை, கலைவடிவத்தைப் பேசுமிடத்தில் படிமம் என்று தமிழில் வகைப்படுத்துங்கள். கோயில் பதிவேடுகளில் தெய்வத்தின் பெயர், ஊர், உலோகம், உயரம், மூலவரா உற்சவரா, பூசை நடக்கிறதா என்னும் ஆறையும் எழுதுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் கல்லில் வெட்டியவர்கள் இவற்றுள் பெரும்பாலானவற்றை எழுதியிருக்கிறார்கள்.